ஞாயிறு தூங்கினால் கணக்கு நேராகுமா?

தினமும் இரவு 1 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுகிறேன். ஞாயிறு மட்டும் 11 மணி வரை தூங்கி ஈடுகட்டுகிறேன். ஆனாலும் ஆபீஸில் லெட்ஜரின் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறதே, ஏன்? – ஒரு வாசகர், ஓசூர்

கணக்கு எழுதுகிறவர் நீங்கள். இதையும் கூட்டிப் பாருங்கள். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஆறு நாளில் 12 மணி நேரம் பற்று. ஞாயிறு வரவு வெறும் 3. டேலி ஆகவில்லையே!

தூக்கம் குறைந்தால் மூளை, கண் திறந்திருக்கும்போதே சில விநாடி அசந்துவிடும். அதனால்தான் அந்த வரி மனதில் ஏறுவதில்லை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05% ஆல்கஹால் இருப்பவருடையதைப் போல மங்குகிறது. நம் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிப்பதோ 0.03% தான். ஆகவே இரவு 11 மணிக்கு மேல் பைக்கைத் தொடாதீர்கள். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோனும் ஏறும். மாலையில் பஜ்ஜிக் கடை இழுப்பது அதனால்தான்.

படுக்கும் நேரத்தை வாரம் அரை மணி முன்னுக்குக் கொண்டுவந்து 11க்கு நிறுத்துங்கள். ஞாயிறும் 7க்கு எழுந்துவிடுங்கள். இல்லையேல் அன்றிரவு தூக்கம் வராது, திங்கள் திண்டாட்டம்தான். கடைசிக் காபி மதியம் 3 மணிக்குள். சாப்பாட்டுக்குப் பின் 20 நிமிடம் கண்ணயரலாம். மேனேஜர் கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்!