துவக்குப் பெட்டியின் நுரையணை

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கட்டியனுப்பிய நம் தாய்மாருட் பலர் பௌதிகவியல் கற்றவரல்லர். எனினும், கடகத்தின் அடியிலே நான்கு விரற்கடை உயரத்துக்கு வைக்கோல் பரப்பி, பழத்துக்கும் பழத்துக்கும் இடையில் வைக்கோல் செருகி, எப்பழமும் கடகத்தின் ஓரத்தைத் தொடாதவாறு அடுக்கும் முறையை அவர்கள் நன்கறிந்திருந்தனர். அம்முறையின் உட்கிடை யாதென்பதைக் கல்லூரி வாழ்வு முடிந்து பல்லாண்டுகளின் பின்னர், கடல்கடந்த குளிர்நாடொன்றிலே, வேட்டைக்காரர் ஒருவரின் துவக்குப் பெட்டியின் முன்னே குந்தியிருந்தபொழுதே யான் தெளிவாக உணர்ந்தேன்.

புலால் மறுத்த வீட்டிற் பிறந்தவன் வேட்டைத் துவக்கைப் பற்றி எழுதுவது தகுமோ எனப் பழைய ஆசிரியர் எவரேனும் புருவத்தை நெரித்தல் கூடும். யான் துவக்கைத் தொட்டது அதன் பெட்டியைச் செப்பனிடும்பொருட்டே. தொலைகாட்டி, நிலவளவைக் கருவி, வீணை முதலியவற்றை விமானத்திற் கொண்டுசெல்வோருக்கும் இப்பாடம் பொருந்தும். ஆயினும், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே கூறுதல் நன்று.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் என் அயலில் வசிப்பவர் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர். இலையுதிர் காலந்தோறும் விமானமேறி நியூபவுண்லாந்துத் தீவுக்கு மூஸ் வேட்டைக்குச் செல்வது அவர் வழக்கம். மூஸ் என்பது நம் நாட்டு மரையினும் மிகப் பெரிய மானினம். அஃது அத்தீவுக்கு உரியதன்று. 1904ஆம் ஆண்டிலே நியூபிரன்சுவிக்கிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட நான்கு விலங்குகளிலிருந்தே பெரும்பாலும் பெருகியது என்பர். தீவின் ஓநாயினம் அழிந்தொழிந்தமையால், இன்று அவற்றின் தொகையைப் பெரிதும் மட்டுப்படுத்துவது உரிமம் பெற்ற வேட்டையே.

ஓராண்டு அவர் புதிய பெட்டியொன்றை வாங்கினார். புறத்தே வன்மையான பிளாஸ்திக்கு. அகத்தே, மூடியிலும் அடியிலும் முட்டைத் தட்டைப்போல் மேடுபள்ளமான மெல்லிய நுரை. துவக்கை இரண்டுக்கும் நடுவே கிடத்திப் பூட்டிக் கொண்டுசென்றார். தீவில் இறங்கிப் பெட்டியைத் திறந்தபோது துவக்கில் ஒரு கீறலேனும் இல்லை. ஆகவே சோதித்துப் பாராமலே காட்டினுட் புகுந்தார். இரண்டாம் நாள், ஏறத்தாழ 200 மீற்றர் தூரத்தில் நின்ற மூஸ் ஒன்றின் நெஞ்சைக் குறிவைத்துச் சுட்டார். குண்டு வயிற்றிற் பட்டது. விலங்கு சதுப்புக் காட்டினுள் ஓடி மறைந்தது. இவரும் வழிகாட்டியும் இரத்தத் துளிகளைப் பின்பற்றி இரண்டு நாள் தேடியும் அதனைக் கண்டாரில்லை. திரும்பி வந்தவர் சில வாரம் எவருடனும் அதிகம் பேசவில்லை. பின்னர் ஒரு மாலை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். துவக்கின்மேல் உள்ள தொலைகாட்டி குறி தவறியிருந்ததை அதற்குள் கண்டறிந்திருந்தார். காரணந்தான் அவருக்கு விளங்கவில்லை.

நுரையை ஆராய்ந்தோம். அதில் யாதொரு சுவடுமில்லை. நுரை நசுங்கியதும் மீண்டுவிடும் பொருளன்றோ? ஆனால் நுரையை உரித்துப் பார்த்தபோது, தொலைகாட்டியின் திருகுகுமிழ் இருந்த இடத்துக்கு நேரே, பிளாஸ்திக்குச் சுவரில் நகக்குறிபோன்ற ஒரு பள்ளம் காணப்பட்டது. பெட்டி எங்கோ பக்கவாட்டில் விழுந்திருக்கின்றது. துவக்கின் முழு நிறையும் தொலைகாட்டியின் குமிழ்மேற் சுமந்து, நுரையை முற்றாக நசுக்கி, சுவரில் மோதியிருக்கின்றது.

அந்தத் தவறு எவ்வளவு சிறியதாயினும் போதும். ஒரு பாகையின் அறுபதிலொரு பங்காகிய ஒரு கலை, 100 மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 2.9 சதமமீற்றராகும். தொலைகாட்டி ஐந்து கலை திரும்பினால், 200 மீற்றரில் குண்டு 29 சதமமீற்றர் விலகும். அஃதாவது ஒரு சாணினும் அதிகம். உடன் வீழ்தலுக்கும் காட்டினுட் பலமணி நேரம் நொந்து சாதலுக்கும் இடைப்பட்ட தூரம் அதுவே.

இனிப் பௌதிகவியலுக்கு வருவோம். பெட்டி 75 சதமமீற்றர் உயரத்திலிருந்து நழுவி விழுகின்றது எனக் கொள்க. தரையை அடையும்போது அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 3.8 மீற்றர். பெட்டி தரையிற் பட்டு நின்றுவிடும். உள்ளேயுள்ள துவக்கோ அதே வேகத்துடன் மேலும் செல்ல முயலும். அதனை நிறுத்துவது நுரையின் கடமை. விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்த தூரத்தால் வகுத்தால், சராசரி அமர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலின் எத்தனை மடங்கு என்பது கிட்டத்தட்டக் கிடைக்கும். துவக்கு 2.5 சதமமீற்றரில் நிறுத்தப்படின் 30 மடங்கு. ஒரு மில்லிமீற்றரில் நிறுத்தப்படின் 750 மடங்கு! அரைக் கிலோகிராம் திணிவுள்ள தொலைகாட்டியை அதன் வளையங்கள் முதலாவது நிலையில் 15 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையாற் பிடிக்கவேண்டும். இரண்டாவது நிலையில் 375 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசை வேண்டும். இவை சராசரிகளே, உச்ச விசை இவற்றினும் கூடும்.

ஆகவே நுரையின் பயன் மென்மையன்று, தூரமே. வைக்கோலும் மாம்பழத்துக்குக் கொடுத்தது அத்தூரத்தையே. இதனை மறந்து, கைக்கு மெத்தென்றிருக்கும் நுரையே சிறந்ததென்று வாங்குவோர் ஏமாறுவர். மிக மெல்லிய நுரை துவக்கின் நிறையாலேயே பாதி அமுங்கிக் கிடக்கும். விழும்போது கொடுப்பதற்கு அதனிடம் தூரம் எஞ்சியிராது. மிக வன்மையான நுரையோ அமுங்கவே மறுக்கும். அதன்மேல் துவக்கை வைப்பதும் பலகைமேல் வைப்பதும் ஒன்றே. துவக்கை வைத்தால் சற்றே அமுங்கி, கையால் ஊன்றி அழுத்தினால் மேலும் நன்கு அமுங்கும் நுரையே தக்கது. எந்த நுரையும் தன் முழுத் தடிப்பையும் விட்டுக்கொடாது. ஏறத்தாழப் பாதியளவு அமுங்கியபின் கல்லாகிவிடும் எனக் கொள்ளலாம். எனவே 2.5 சதமமீற்றர் தூரம் வேண்டின் 5 சதமமீற்றர் தடிப்பு வேண்டும். மூடியின்மேல் ஏறியிருந்து பூட்டவேண்டிய அளவுக்கு நுரையை நிறைப்பதும் பிழை. அவ்வாறு இறுகிய நுரை, விழுமுன்னரே தன் தூரத்தைச் செலவிட்டுவிட்டது.

அடுத்த வினா, சுமையைத் தாங்கவேண்டியது துவக்கின் எந்த உறுப்பு என்பது. இதற்காகவே நுரையைத் துவக்கின் வடிவுக்கு வெட்டுகின்றோம், அழகுக்காக அன்று. பிடிக்கட்டையும், குழல் பொருந்தியுள்ள உடற்பகுதியும், குழலின்கீழ் உள்ள முன்கட்டையும் உறுதியானவை. அவற்றை நுரை இறுகத் தழுவவேண்டும். தொலைகாட்டியைச் சுற்றி, குறிப்பாகக் குமிழ்களைச் சுற்றி, ஒரு விரல் நுழையும் இடைவெளி விடவேண்டும். தச்சருக்கு இது முதலில் ஏற்கவில்லை. "நொய்ந்ததைத்தானே இறுகப் பிடிக்கவேண்டும்?" என்றார். நோயாளியைத் தூக்கும்போது புண்பட்ட இடத்தையா பிடிப்பீர் என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

குழல்வாய் வேறொரு சிக்கல். பெட்டி செங்குத்தாக விழுந்தால், நான்கு கிலோகிராம் துவக்கு முழுவதும் சில சதுர சதமமீற்றர் பரப்புள்ள குழல்வாயில் ஊன்றும். அது நுரையைத் துளைத்துச் சுவரை அடையும். குழல்வாயின் விளிம்பு சிதைந்தால் துவக்கின் செம்மையே கெடும். இதற்கு இரண்டு பரிகாரம் செய்தோம். குழல்வாய்க்கு முன்னே நெருக்கமான பொலிஎதிலீன் நுரைக்கட்டை ஒன்றைச் செங்குத்தாகப் பதித்தோம். அதனினும் முக்கியமாக, பிடியின் வளைவும் விசைக்காப்பும் பொருந்தும் இடங்களை மிகத் துல்லியமாக வெட்டினோம்; நீளவாட்டில் வரும் சுமையை அவை பரந்த பரப்பில் ஏற்றுக்கொள்ளும்.

வெட்டும் முறை இது. முதலிற் போல்ற்றைக் கழற்றி வேறாக வைத்தோம். துவக்கு வெறுமையானது என்பதும் அதனாற் கண்கூடு. பின்னர்ப் பெட்டியின் அளவுக்குப் பழுப்புக் கடதாசி வெட்டி, அதன்மேல் துவக்கைப் பெட்டியிற் கிடக்குமாறே கிடத்தி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து உருவரை வரைந்தோம். பென்சிலின் தடிப்பால் உருவரை மெய்யளவினும் பெரிதாகும். ஆகையால் இறுகவேண்டிய இடங்களில் கோட்டுக்கு மூன்று மில்லிமீற்றர் உள்ளே வெட்டவேண்டும். சுவருக்கும் துவக்குக்கும் இடையில் 5 சதமமீற்றரும், ஒரு குழிக்கும் மறு குழிக்கும் இடையில் குறைந்தது 2.5 சதமமீற்றரும் விட்டோம். விரல் நுழைத்துத் தூக்குவதற்கு இரண்டு இடங்களிற் சிறு அரைவட்டங்கள் வெட்டினோம். இதை மறந்தவர் துவக்கைத் தொலைகாட்டியிற் பிடித்துத் தூக்குவர். அதுவே ஒரு கேடு.

நுரையை அமுக்கிப் பிடித்து வெட்டினால் குழியின் சுவர் சரிந்துவிடும். நீண்ட மெல்லிய அலகால் அமுக்காது இழுத்திழுத்து அறுக்கவேண்டும். அந்நாட்டார் வான்கோழி அறுக்கும் மின்கத்தி இதற்கு மிக ஏற்றது. தச்சரின் மனைவியாரிடம் கேளாமலே அதனை எடுத்து வந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கின்றேன். சூடேற்றிய கம்பியால் வெட்டுவோரும் உளர். பொலியூரிதேன் நுரைக்கு அது கூடவே கூடாது. கருகும்போது ஐதரசன் சயனைட்டு உள்ளிட்ட நச்சு வாயுக்கள் வெளிவரும். சிறு சதுரங்களாக முன்னரே கீறி விற்கப்படும் நுரையைக் கையாற் பிய்த்து வடிவமைத்தல் எளிது. ஆனால் மெலிந்த சுவர்கள் விரைவிற் கிழியும். கமராவுக்குப் போதும், துவக்குக்குப் போதாது என்பது என் கருத்து.

அடுத்து, வளியமுக்கம். நீர்புகாப் பெட்டியென்று பெருமையுடன் வாங்குவோர் இதனை எண்ணுவதில்லை. விமானத்தினுள் அமுக்கம் ஏறத்தாழ 2400 மீற்றர் உயரமான மலையுச்சியின் அமுக்கமாகக் குறைதல் கூடும். கடல்மட்டத்திற் பூட்டிய பெட்டியினுள்ளோ பழைய அமுக்கமே இருக்கும். வேறுபாடு சதுர சதமமீற்றருக்குக் கால் கிலோகிராம் நிறையளவே. சிறிதென்று தோன்றும், ஆனால் 125 சதமமீற்றர் நீளமும் 35 சதமமீற்றர் அகலமும் உள்ள மூடிமேல் அது 1000 கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறைக்குச் சமமான விசையாகும்! இதனாலேயே நல்ல பெட்டிகளில் வளியை விட்டு நீரைத் தடுக்கும் சிறு வால்வு இருக்கின்றது. திருகு வகையாயின் புறப்படுமுன் தளர்த்திவிடவேண்டும். இன்றேல் கொளுக்கிகள் வருந்தும். உயரத்திற் பூட்டிய பெட்டி கீழே திறக்க மறுப்பதும் உண்டு.

விதிகளைப் பற்றிச் சில வார்த்தைகள் போதும். துவக்கு வெறுமையாய், வன்பெட்டியிற் பூட்டப்பட்டு, விமான நிறுவனத்தாரிடம் அறிவிக்கப்பட்டு, கீழறைப் பொதியாகவே செல்லவேண்டும். பூட்டிய நிலையில் மூலைகளை நெம்பிக் கை நுழைக்கக்கூடிய பெட்டி ஏற்கப்படாது. ஆதலால் இரு முனைகளிலும் ஆமைப்பூட்டு இடுதல் நன்று. தோட்டாக்கள் தமக்குரிய பெட்டியில், ஒருவருக்குப் பொதியுடன் 5 கிலோகிராமுக்கு மேற்படாது செல்லவேண்டும். நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு நிபந்தனைகளும் உள்ளமையால் முன்னரே கேட்டறிக.

நுரையின் இரசாயனமும் கவனிக்கத்தக்கது. 1937ஆம் ஆண்டிலே ஜேர்மனியில் ஓற்றோ பேயரும் அவர் துணைவரும் கண்ட பொலியூரிதேனின் வழிவந்ததே பெட்டிகளிற் பெரும்பாலும் காணும் மென்னுரை. அதன் நுண்ணறைகள் ஒன்றோடொன்று திறந்தவை. ஆகையால் நீரைக் குடித்து வைத்திருக்கும். குளிரிலிருந்து கூடாரத்தின் வெப்பத்துக்கு வரும் உருக்கிற் பனித்துளி படியும். அதனைத் துடையாது நுரையில் வைத்தால் ஓரிரவிலேயே துருப் பிடித்தல் கூடும். பொலியெசுத்தர் வகைப் பொலியூரிதேன் ஈரத்தால் நாளடைவிற் சிதைந்து பிசினாகிக் கருவியில் ஒட்டும். நம்நாட்டுப் புழுக்கத்திற் பழைய கமராப் பெட்டியைத் திறந்தோர் இதனை அறிவர். பொலிஎதிலீன் நுரையின் அறைகள் மூடியவை, நீரை ஏலா. அரும்பொருட்காட்சிச்சாலையினர் அரும்பொருள்களைப் பொதிவதற்கு அதனை விரும்புவது அதனாலேயே. எந்த நுரையாயினும், பயணத்துக்கே பெட்டி. வீட்டிலே துவக்கை எண்ணெய் தடவிப் பூட்டிய அலுமாரியில் நிறுத்துதலே முறை.

மறு இலையுதிர் காலத்தில் அவர் மீண்டும் அத்தீவுக்குச் சென்றார். இம்முறை இறங்கிய அன்றே, 100 மீற்றரிற் கடதாசிக் குறியொன்று நாட்டி, மூன்று முறை சுட்டுப் பார்த்தார். மூன்றும் உள்ளங்கையளவுக்குள், வீட்டிற் சுட்ட இடத்திலேயே பட்டிருந்தன. அக்கடதாசியை மடித்து எனக்குக் கொணர்ந்து தந்தார். அவ்வாண்டு வேட்டை கிடைத்ததா என்று யான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வெட்டியெடுத்த நுரைத்துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் நுரை ஓரிடத்தில் அமுங்கியபடியே நின்றுவிடும். அப்போது அடியில் இடுவதற்கு அதே தடிப்புள்ள துண்டு வேறெங்கும் கிடைப்பது அரிது. எங்கள் துண்டுகள் தச்சரின் பட்டறையில், மின்கத்திக்குப் பக்கத்தில், பையொன்றிற் கட்டித் தொங்குகின்றன.