பிள்ளை பேசாமல் இருந்தால் நாம் என்ன செய்வது?



பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். கால் வீங்கினால் எண்ணெய் தடவுகிறோம். இருமல் விடாவிட்டால் வேலையை விட்டுவிட்டு டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஆனால் பிள்ளையின் மனம் சுகமில்லாமல் போனால் எங்கே தொட்டுப் பார்ப்பது? இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

நிறுவை நேரத்தில் ஒரு தாய் சொன்னது

ஒரு மழைக்காலம். அந்தி நிறுவை முடிந்து எல்லோரும் லயத்துக்குத் திரும்பும் நேரம். கூடைக் கயிற்றைத் தலையில் இருந்து எடுக்காமலே ஒரு தாய் எங்களிடம் வந்தார்.

“ஐயா, எங்க புள்ள மூணு வாரமா ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குது. விடியக்காலையில எழும்புனா வயித்த வலிக்குது, தலை இடிக்குதுன்னு சொல்லுது. எட்டு மணி தாண்டுனா வலி போயிருது. நடிக்குதுன்னு அவுங்க அப்பா ரெண்டு அடி போட்டுட்டாரு. அதுக்கப்புறம் பேச்சே இல்ல.”

பிள்ளை பத்தாம் ஆண்டு. நன்றாகப் படிக்கிறவள். டிஸ்பென்சரியில் மருந்து எடுத்தார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் இரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை. கோயிலில் திருநீறு போட்டு, கையில் நூலும் கட்டிப் பார்த்தார்கள். பிள்ளை அப்படியேதான் இருந்தாள்.

நாங்கள் அந்த வீட்டுக்குப் போனோம். முதல் நாள் நாங்கள் செய்த பிழையை மறைக்காமல் சொல்கிறோம். “படிச்சாத்தானே முன்னுக்கு வரலாம்? அம்மா மலையில படுற பாட்டைப் பார்க்குறதானே?” என்று அரை மணித்தியாலம் புத்திமதி சொன்னோம். பிள்ளை தலையைக் குனிந்தபடி பாயைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. அவளிடம் நாங்கள் ஒரு கேள்வியைக்கூடக் கேட்கவில்லை என்பது திரும்பி வரும் வழியில்தான் எங்களுக்கு உறைத்தது.

இரண்டாம் முறை போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு, சும்மா பேசிவிட்டு வந்தோம். மூன்றாம் முறை பிள்ளைக் காம்பிரா அக்காவைக் கூட்டிப் போனோம். கைக்குழந்தையில் இருந்தே அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர் அவர். இரண்டு பேரும் பீலியில் பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்தபோது பிள்ளை வாய் திறந்தாள்.

“அம்மா வெளிநாட்டுக்குப் போகப் போறாங்க. ராத்திரியில அப்பாவும் அவுங்களும் பேசுறது கேட்டுச்சு. நான் ஸ்கூல்ல இருந்து வரும்போது அம்மா இல்லாட்டி நான் என்னா செய்வேன் அக்கா?”

விஷயம் அதுதான். வீட்டில் கடன். ஏஜென்சிக்காரர் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். ‘சின்னப் புள்ளைக்கு இது எதுக்கு’ என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஒரே காம்பிரா, நடுவில் ஒரு சேலை மறைப்பு. அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. அப்பா குடித்துவிட்டு வரும் நாட்களில் தம்பியை யார் பார்ப்பது என்ற பயம் வேறு. அம்மாவைக் காவல் காக்கத்தான் அவள் வீட்டில் இருந்தாள்.

அந்த வயிற்று வலி பொய்யா?

பொய் இல்லை. பயமும் கவலையும் வரும்போது மூளை உடம்பு முழுவதையும் உசுப்பிவிடுகிறது. நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், வயிறு பிசையும். மூளைக்கும் குடலுக்கும் நரம்புத் தொடர்பு உண்டு. கடன்காரர் கதவைத் தட்டினால் பெரியவர்களுக்கே வயிறு கலங்குகிறதல்லவா? பிள்ளைக்கும் அதே உடம்புதான். ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்லத் தெரியாத பிள்ளை ‘வயித்த வலிக்குது’ என்று சொல்கிறது.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

எல்லாப் பிள்ளைகளும் சில நாள் சோர்ந்துதான் இருப்பார்கள். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கீழே உள்ளவற்றில் சில சேர்ந்து வந்து, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனியுங்கள்:

• தூக்கம் இல்லை, அல்லது எந்நேரமும் தூக்கம்.
• சாப்பாடு குறைகிறது.
• விளையாட்டு, கூட்டாளிமார், ரீவி எதிலும் ஆசை இல்லை.
• பள்ளிக்கூடத்துக்குப் போக மறுப்பு. மார்க்ஸ் திடீரென்று குறைவது.
• சின்ன விஷயத்துக்கும் கோபம் அல்லது அழுகை.
• வளர்ந்த பிள்ளை மீண்டும் பாயில் சிறுநீர் கழிப்பது.
• ‘நான் இருந்து என்ன பிரயோசனம்’ என்ற மாதிரிப் பேச்சு.

பெரியவர்களுக்கு வரும் மன நோய்களில் பாதியளவு 18 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே ‘வயசுக்கு வந்தா சரியாப் போகும்’ என்று தள்ளிப்போடக் கூடாது.

நம் பிள்ளைகளின் மனதில் உள்ள சுமைகள்

முதலாவது பரீட்சை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையை 2024இல் நாடு முழுவதும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வெட்டுப்புள்ளியைத் தாண்டவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அது வாழ்க்கையின் முடிவா? ஆனால் பெறுபேறு வந்த அன்று லயத்தில் வீட்டுக்கு வீடு ‘உன் புள்ள எத்தனை?’ என்று கேட்கிறோம். குறைந்த பிள்ளை கோடிக்குள் ஓடி ஒளிகிறது.

இரண்டாவது பிரிவு. அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில், பிள்ளை பாட்டியிடம். மூன்றாவது குடியும் சண்டையும். நான்காவது டவுன் பாடசாலையில் ‘தோட்டத்துப் புள்ள’ என்று வரும் கேலி. இப்போது போனிலும் அந்தக் கேலி பின்தொடர்ந்து வருகிறது.

இவற்றோடு காலம் தந்த அடிகளும் உண்டு. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. போனும் சிக்னலும் இல்லாத பிள்ளைகள் அந்தக் காலத்தில் பின்தங்கிவிட்டார்கள். 2022இல் சாமான் விலை ஏறி, பல வீடுகளில் ஒரு நேரச் சாப்பாடு குறைந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மலையகத்தைப் புரட்டிப் போட்டது. அவற்றைக் கண்ட பிள்ளைகள் இன்றும் கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கு நடுங்கலாம். ‘இவ்வளவு பெரிய புள்ளைக்கு மழைக்குப் பயமா’ என்று சிரிக்காதீர்கள். பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆபத்து என்றால் எந்த வழியாக எங்கே போவோம் என்று முன்கூட்டியே காட்டிக் கொடுங்கள். வழி தெரிந்தால் பயம் பாதி குறையும்.

வீட்டில் நாமே செய்யக்கூடியவை

1. ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம். மலையில் இருந்து வந்ததும் விறகு, தண்ணி, சமையல் என்று தாய்மாருக்கு ஓய்வே இல்லை, எங்களுக்குத் தெரியும். அதற்காகத் தனி நேரம் தேட வேண்டாம். மரக்கறி வெட்டும்போது, தலை வாரும்போது, விறகுக்குப் போகும்போது பேசலாம். முகத்துக்கு முகம் உட்கார வைத்துக் கேட்டால் பேசாத பிள்ளை, கூட வேலை செய்யும்போது பேசும்.

2. முதலில் கேளுங்கள். பிள்ளை ஒன்று சொன்னால் உடனே புத்திமதி சொல்ல வேண்டாம். “அப்படியா? அப்புறம் என்னா நடந்துச்சு?” என்று மட்டும் கேளுங்கள்.

3. பெரிய விஷயத்தைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். வெளிநாடு போவதென்றால் எப்போது போகிறோம், யார் பார்த்துக்கொள்வார்கள், எந்த நாளில் போன் எடுப்போம் என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள். விடியற்காலையில் பிள்ளை தூங்கும்போது சொல்லாமல் போகாதீர்கள். அந்தக் காயம் பல வருடம் ஆறாது.

4. தூக்கமும் சாப்பாடும். இரவு போனை வாங்கி வையுங்கள். காலையில் வெறும் தேத்தண்ணியோடு அனுப்பாமல் ரொட்டியோ பருப்போ கொஞ்சமாவது கொடுங்கள்.

5. அடிக்காதீர்கள். அடியால் பிள்ளையின் பயம் போகாது, பேச்சுத்தான் நின்றுபோகும்.

6. படிப்பை நிறுத்திக் கொழும்புக் கடைக்கு, வீட்டு வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 2016இல் இருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். மனம் நொந்த பிள்ளையைத் தெரியாத வீட்டில் விடுவது இன்னும் பெரிய ஆபத்து.

பேச்சைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம்

“பக்கத்துக் காம்பிரா புள்ளையப் பாரு” என்பதை விட்டு, “போன தவணையவிட கணக்குல கூடியிருக்கே” என்று சொல்லலாம்.

“நடிக்காத, எழும்பு” என்பதை விட்டு, “ஸ்கூல்ல எது கஷ்டமா இருக்கு? நான் வந்து டீச்சர்கிட்ட பேசவா?” என்று கேட்கலாம்.

“உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்பணும்” என்று ஒருநாளும் சொல்லக் கூடாது. அங்கொடையில் இருப்பது தேசிய மனநல நிறுவகம். சுகப்படுத்தும் இடத்தின் பெயரை வசைச் சொல்லாக்கினால், நாளைக்கு வைத்தியம் தேவைப்படும்போது பிள்ளை வாயே திறக்காது.

சாவைப் பற்றிப் பேசினால்

இதைக் கவனமாகப் படியுங்கள். ‘செத்துப் போறேன்’ என்று பிள்ளை சொன்னால், ‘சும்மா மிரட்டுது’ என்று விட்டுவிட வேண்டாம். “அப்படி நினைப்பு வருதா மகள்? என்னைக்கிருந்து?” என்று அமைதியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்க ஒருவர் இருப்பதே பிள்ளைக்கு ஆறுதல். அன்று பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அன்றே உதவி தேடுங்கள்.

பூச்சி மருந்து, களை மருந்து எதையும் காம்பிராவில் வைக்க வேண்டாம். மரக்கறித் தோட்டத்துக்கு வாங்கியது இருந்தால் வெளியே பெட்டியில் பூட்டி, சாவியைப் பெரியவர் வைத்திருக்க வேண்டும். பாட்டியின் பிரஷர் குளிசை, சீனி வருத்தக் குளிசையும் அப்படித்தான். 1995ஆம் ஆண்டளவில், தற்கொலை வீதம் உலகிலேயே மிகக் கூடிய நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. பின்னர் மிகக் கொடிய பூச்சி மருந்துகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. அடுத்த 20 வருடங்களில் அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இதில் நமக்குப் பாடம் உண்டு. அந்த மோசமான நேரம் பெரும்பாலும் சீக்கிரம் கடந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும்.

யாரிடம் போவது?

• பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர், அல்லது பிள்ளைக்குப் பிடித்த எந்த டீச்சரும்.
• தோட்டத்தில் வைத்திய உதவியாளர், குடும்ப நல உத்தியோகத்தர், பிள்ளைக் காம்பிரா அக்கா, நாங்கள்.
• பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்.
• நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவு. அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை.
• போன் இலக்கங்கள்: தேசிய மனநல உதவிச் சேவை 1926 (24 மணி நேரமும்). பிள்ளைக்கு அடி, துன்புறுத்தல், பாலியல் தொல்லை என்றால் 1929. உயிராபத்து என்றால் 1990 அம்புலன்ஸ். தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

கோயிலுக்குப் போவதை, திருநீறு போடுவதை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மனதுக்குத் தைரியம் தரும். சாமியையும் கும்பிடுங்கள், கிளினிக்குக்கும் போங்கள். ஆனால் பேய் ஓட்டுவதாகப் பிள்ளையை அடிக்கவோ, பட்டினி போடவோ இடம் கொடுக்காதீர்கள்.

தாய் தகப்பனுக்கும் இது உண்டு

கடன், வருத்தம், சாவு வீடு என்று பெரியவர்களும் நொந்துபோகிறார்கள். சில தாய்மார் மாதக்கணக்கில் சரியாகத் தூங்குவதில்லை. அதே கிளினிக் அவர்களுக்கும்தான். சாராயத்தால் கவலை தீரும் என்று குடிக்கும் தகப்பன்மாருக்கு ஒன்று சொல்கிறோம்: குடித்தால் அன்றிரவு மறக்கும், மறுநாள் கவலையும் கடனும் கூடும். குடியை விட உதவி செய்வதும் வைத்தியம்தான். கேட்பதில் வெட்கம் இல்லை.

அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?

தாய், தகப்பன், பிள்ளை மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்கள். தகப்பன் அன்று குடிக்காமல் வந்திருந்தார். “அடிச்சது பிழைதான் மகள்” என்று சொன்னார். அந்த ஒரு சொல்லுக்குப் பிள்ளை அரை மணித்தியாலம் அழுதாள். வகுப்பாசிரியையிடமும் பேசினோம். பல மாதம் கிளினிக்குக்குப் போனார்கள். ஒரு தவணை வீணாகிவிட்டது, உண்மைதான். கடனும் இன்னும் முழுதாகத் தீரவில்லை. தாய் அந்த வருடம் வெளிநாடு போகவில்லை. அடுத்த வருடம் போவதென்றால் முதலில் மகளிடம்தான் பேசுவேன் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை இப்போது பாடசாலைக்குப் போகிறாள். சில காலைகளில் இன்னும் வயிறு பிசைகிறது. அப்போது தாயிடம் சொல்கிறாள், சொல்லிவிட்டுப் போகிறாள்.

மாதர் சங்கக் கூட்டத்தில் பேசிப் பார்க்க:

1. கடந்த வாரம் நம் பிள்ளையிடம் படிப்பைத் தவிர வேறு எதைப் பற்றிப் பேசினோம்?
2. நம் லயத்தில் தாய் தகப்பன் பக்கத்தில் இல்லாத பிள்ளைகள் யார் யார்? அவர்களை யார் விசாரிக்கிறார்கள்?
3. வீட்டில் மருந்துப் போத்தல்கள் எங்கே இருக்கின்றன? பூட்டு இருக்கிறதா?

வாசிக்கத் தெரியாத தாத்தா பாட்டிமாருக்கு இந்தப் பாடத்தைப் பிள்ளைகளே வாசித்துக் காட்டட்டும். வாசித்து முடித்ததும் அந்தப் பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: “உனக்கு ஏதும் மனசுல இருக்கா கண்ணு?”