அரைக்கோடு

இடைநிலைப்பள்ளியில் ‘தோலோக் ஸ்க்ரு மைக்ரோமீட்டர்’ என்று மலாயில் படித்துத் தேர்விலும் சரியாக எழுதியவன் நான். 1972 முதல் இயங்கும் பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்துக்கு உதிரிப்பாகம் செய்யும் ஒரு பட்டறையில் தொழிற்பயிற்சி. நான் அளந்து அனுப்பிய தண்டு, துளைக்குள் நுழையாமல் திரும்பி வந்தது.

வரைபடம் கேட்டது 12.00 ± 0.05 மி.மீ. இந்தக் கூட்டல் கழித்தலே பொறுதி, 11.95 முதல் 12.05 வரை ஏற்கலாம். மைக்ரோமீட்டரின் உருளை ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. நகரும். அதில் 50 பிரிவுகள். ஆகவே ஒரு பிரிவு 0.01 மி.மீ. அன்று 12ஆம் கோட்டுக்கு அப்பால் அரைக்கோடும் தெரிந்தது, உருளையில் 3. சரியான அளவு 12.53. நான் எழுதியதோ 12.03!

“பெருசா இருக்கு, மறுபடி கடைஞ்சிடலாம். சிறுசாப் போயிருந்தா இரும்ப ஒட்டவா முடியும் தம்பி?” என்றார் பட்டறை அண்ணன்.

நண்பர்களே, உருளையைப் படிக்குமுன் அரைக்கோட்டைப் பாருங்கள்.