கசானியா பூச்செய்கை: இலையைப் பார்த்துப் பராமரிப்பை அறிதல்

அலங்காரத் தாவரங்களின் பராமரிப்பு பற்றிய வினா வந்தால் மாணவர்கள் பலர் ஒரே விடையையே எழுதிவிடுகின்றனர்: "காலையும் மாலையும் நீர் ஊற்றுதல், பசளை இடுதல், களை பிடுங்குதல்." காசித்தும்பைக்கு இவ்விடை ஓரளவு பொருந்தும். கசானியாவுக்கு இதை எழுதினால் புள்ளி குறையும்; வீட்டில் செய்து பார்த்தாலோ செடியே இறந்துவிடும். ஆகவே இப்பகுதியை மனனம் செய்ய வேண்டாம். செடியின் தாயகத்தையும் இலையையும் விளங்கிக்கொண்டால் மற்றவற்றை நீங்களே ஊகித்து எழுதலாம்.

கசானியா சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு பல்லாண்டுத் தாவரம். உயரம் பொதுவாக 15 - 30 செ.மீ. இதன் தாயகம் ஆபிரிக்காவின் தென்பகுதியாகும். 15 ஆம் நூற்றாண்டில் கிரேக்கத் தாவரவியல் நூல்களை இலத்தீனுக்கு மொழிபெயர்த்த தியோடோரஸ் காசா என்ற அறிஞரின் நினைவாக 1791 இல் இச்சாதிக்குப் பெயர் சூட்டப்பட்டது. (இது பரீட்சைக்குத் தேவைப்படாது, பெயர் மறக்காமல் இருக்க உதவும்.) அங்கு இது மணற்பாங்கான, கற்கள் நிறைந்த, வளம் குறைந்த நிலங்களிலும் கடற்கரை மணல்மேடுகளிலும் வளர்கின்றது.

இனி இலையைப் புரட்டிப் பாருங்கள். மேற்புறம் கரும்பச்சை; கீழ்ப்புறம் பஞ்சு ஒட்டியது போன்ற வெண்மை. அவ்வெண்மை நுண்ணிய மயிர்களின் படையாகும். இலைவாய்களின் அருகே ஈரலிப்பான வளியை இம்மயிர்கள் தடுத்து வைப்பதால் ஆவியுயிர்ப்பு குறைகின்றது. எனவே இச்செடி வறட்சியைத் தாங்கும். "கசானியா வறட்சியைத் தாங்குவதற்கான இசைவாக்கம் ஒன்றை விளக்குக" என்று கேட்டால் மயிர்களைக் குறிப்பிடுவது மட்டும் போதாது. அவை ஆவியுயிர்ப்பைக் குறைக்கும் விதத்தையும் எழுத வேண்டும்.

வறட்சியைத் தாங்கும் செடிக்கு எதிரி நீர்த்தேக்கமே. மண்ணின் இடைவெளிகள் நீரால் நிரம்பினால் வளி வெளியேறிவிடும். வேர்களுக்கு ஒட்சிசன் கிடைக்காது, சுவாசம் தடைப்படும், வேர்கள் இறக்கும், பங்கசுகள் தாக்கி அழுகல் ஏற்படும். இறந்த வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகையால் மண் ஈரமாக இருக்கும்போதே இலைகள் வாடும். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். வாடலைக் கண்டதும் மேலும் நீர் ஊற்றுகின்றனர். நீர் குறைந்தாலும் வாடல், கூடினாலும் வாடல். இலையைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. விரலை மண்ணில் 2 - 3 செ.மீ. ஆழம் வரை செலுத்திப் பாருங்கள். உலர்ந்திருந்தால் நன்றாக நீர் ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் ஊற்ற வேண்டாம். இளம் நாற்றுகளின் வேர் ஆழமற்றது என்பதால், அவை வேரூன்றும் வரை மட்டும் மண்ணை இலேசான ஈரத்துடன் வைத்திருக்க வேண்டும்.

சாடியில் வளர்ப்பதாயின் மணல் 2 பங்கு, மேல்மண் 1 பங்கு, கூட்டெரு 1 பங்கு எனக் கலக்கலாம். சாடியின் அடியில் துளைகள் கட்டாயம் தேவை. பழைய தகரப்பேணியும் போதும். துளையில்லாத அழகிய சாடியை விட அது மேலானது. சாடியின் கீழ் வைக்கும் தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். தோட்டத்தில் மண் களிப்பாங்கானதாயின் மேட்டுப்பாத்தி அமைத்து, செடிகளுக்கிடையே 20 - 30 செ.மீ. விட்டு நடுங்கள். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் மாரி மழை பல நாட்கள் தொடரும். அக்காலத்தில் சாடிச் செடியே வசதி; வெயில் படும், மழை நேரே விழாத இடத்துக்கு அதனை நகர்த்திவிடலாம்.

பூ மாலையில் மூடிக்கொள்ளும். மப்பும் மந்தாரமுமான நாளிலும் சரியாக விரியாது. இது நோயல்ல, ஒளிக்குக் காட்டும் துலங்கல். விறாந்தையின் நிழலில் வைத்துவிட்டு "மொட்டு வருகிறது, விரியவில்லை" என்று கவலைப்படுவதில் பயனில்லை. நாளொன்றுக்கு 6 மணித்தியாலமாவது நேரடி வெயில் வேண்டும். நைதரசன் பசளையைக் கூடுதலாக இட்டால் இலை செழிக்கும், பூ குறையும். வளம் குறைந்த மண்ணில் வாழப் பழகிய செடி அல்லவா? வாடிய பூக்களைக் காம்புடன் அகற்றினால் புதிய மொட்டுகள் தொடர்ந்து வரும். அழுக்கணவன் தென்பட்டால் நீரைப் பீய்ச்சிக் கழுவி அகற்றலாம்.

வித்துகளை மெல்லிய மண்படையால் மூடி விதைக்க வேண்டும். இருளில் நன்கு முளைக்கும். முளைக்க 1 தொடக்கம் 2 வாரங்கள் செல்லும். கலப்பினச் செடியின் வித்தில் தாய்ச்செடியின் நிறமே வரும் என்று சொல்ல முடியாது. அதே நிறம் வேண்டுமாயின் அடிப்பகுதியிலிருந்து எடுத்த தண்டுத் துண்டத்தை மணலில் நட்டு வேரூன்றச் செய்யுங்கள்.

வித்துகளில் மயிர்கள் இருப்பதால் காற்றில் பரவும். அவுஸ்திரேலியாவின் சில பகுதிகளில் தோட்டங்களிலிருந்து தப்பிய கசானியா வீதியோரங்களிலும் கடற்கரைகளிலும் களையாகப் பரவியுள்ளது. வெட்டிய பகுதிகளை வெளியே வீசாதீர்கள்.

பயிற்சி வினா: ஒரே அளவான இரு சாடிகளில் கசானியா வாடியுள்ளது. முதலாவதில் மண் உலர்ந்தும் இரண்டாவதில் ஈரமாகவும் உள்ளது. ஒவ்வொன்றிலும் வாடலுக்கான காரணத்தையும் நீர் செய்ய வேண்டியதையும் எழுதுக.