எழுத்து மாறினாலும் சொல் ஒன்றே!

ஸ்காட்லாந்தில் ஒருவர் தம் முன்னோரின் பெயரைப் பழைய பதிவேடுகளில் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்நாட்டில் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு 1855 சனவரி 1-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தியவற்றுக்குப் பெரும்பாலும் திருச்சபைப் பதிவேடுகளே கதி. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஓர் எழுத்து மாறியிருந்தாலும், கணிப்பொறி "அப்படி ஒருவர் இல்லை" என்று சொல்லிவிடும். ஒரு குடும்பத்தின் வரலாறே அங்கு அறுந்துபோகும்.

அங்கு வழங்கும் ஸ்காட்ஸ் மொழி ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுடையது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் அதைப் பேசத் தெரியும் என்றனர். ஆனால் அதற்கு எல்லோரும் ஏற்ற ஒரே எழுத்துமுறை நிலைபெறவில்லை. 'நல்ல' என்னும் பொருளுள்ள சொல்லை ஜி-யு-ஐ-டி என்றும், ஜி-யு-டி-இ என்றும், ஜி-ஐ-டி என்றும் எழுதுவர். இம்மூன்றும் ஒன்றே என்று கணிப்பொறிக்கு எப்படிப் புரியவைப்பது?

ஒரு வழி, ஒலியைப் பிடிப்பது. அமெரிக்கரான ராபர்ட் ரஸ்ஸல் 1918-இல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்த 'சவுண்டெக்ஸ்' முறை இது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உயிரெழுத்துகளையும் எச், டபிள்யூ, ஒய் ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள். மற்றவற்றுக்கு எண் கொடுங்கள்: உதட்டில் பிறக்கும் எழுத்துகளில் எம் தவிர மற்றவற்றுக்கு 1, சி, ஜி, ஜே, கே, க்யூ, எஸ், எக்ஸ், இசட் ஆகியவற்றுக்கு 2, தமிழில் 'டி' என்றே நாம் எழுதும் இரண்டு எழுத்துகளுக்கும் 3, எல்-லுக்கு 4, எம், என் இரண்டுக்கும் 5, ஆர்-க்கு 6. ஒரே எண்ணுடைய எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் ஒருமுறை எழுதினால் போதும். மூன்று எண் சேரும்வரை சுழியம் இட்டு நிரப்புங்கள்.

இப்போது 'நல்ல' என்பதன் மூன்று வடிவங்களும் ஜி300 என்றே ஆகின்றன. இரவைக் குறிக்கும் ஸ்காட்ஸ் சொல் என்-ஐ-சி-எச்-டி, ஆங்கிலத்தில் என்-ஐ-ஜி-எச்-டி. இரண்டும் என்230.

ஆனால் அவசரப்படாதீர்கள். ஆங்கிலத்தில் கடவுளைக் குறிக்கும் 'காட்', ஆட்டைக் குறிக்கும் 'கோட்' இரண்டும் ஜி300-தான்! இது ஒரு குறை. இன்னொரு குறை இதற்கு நேர்மாறானது. 'என்ன' என்னும் சொல்லைப் பழைய ஸ்காட்ஸில் க்யூ-யு-எச்-ஏ-டி என்று எழுதினர். அதன் குறியீடு க்யூ300. பிற்கால வடிவம் டபிள்யூ-எச்-ஐ-டி, அது டபிள்யூ300. முதல் எழுத்து மாறியதால் ஒரே சொல் பிரிந்துபோகிறது.

இரண்டாவது வழி, தொலைவை அளப்பது. சோவியத் அறிஞர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல் வகுத்தது. ஓர் எழுத்தைச் சேர்த்தல், நீக்கல், மாற்றல் ஒவ்வொன்றும் ஒரு படி. ஒரு சொல்லை மற்றொன்றாக்கக் குறைந்தது எத்தனை படி வேண்டுமோ, அதுவே தொலைவு. இரவைக் குறிக்கும் இரு வடிவங்களின் தொலைவு 1. பழைய 'க்யூ-யு-எச்-ஏ-டி'க்கும் ஆங்கில 'டபிள்யூ-எச்-ஏ-டி'க்கும் தொலைவு 2. பூனையைக் குறிக்கும் சி-ஏ-டி-யிலிருந்தும் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அதே 2-தான்! வெறும் எண்ணிக்கைக்கு மொழி தெரியாது அல்லவா?

ஆகவே மொழியின் வரலாற்றை விதியாக்கிக் கொடுக்க வேண்டும். "சொல்லின் தொடக்கத்தில் க்யூ-யு-எச் வந்தால் டபிள்யூ-எச் என்று கொள்க" என்ற ஒரு விதி சேர்த்தால் அந்தத் தொலைவு சுழியம் ஆகிவிடும்.

வெர்னியர் அளவியில் முதலில் முதன்மை அளவுகோலையும் பிறகு வெர்னியரையும் பார்க்கிறோம். இங்கும் அப்படியே. முதலில் மொழிவிதி, பிறகு ஒலிக்குறியீட்டால் பரும்படியாகச் சலித்தல், கடைசியாகத் தொலைவை அளந்து வரிசைப்படுத்தல். சல்லடைக் கண் பெரிதானால் பதர் வந்து சேரும்; சிறிதானால் மணியும் தங்கிவிடும்.

அதற்குப் பிறகும் ஐயம் தீராது. 'என்ன' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஸ்காட்ஸ் வடிவம் எவ்வளவு அருகிலோ, கோதுமையைக் குறிக்கும் 'வீட்' என்னும் ஆங்கிலச் சொல்லும் அவ்வளவே அருகில். இரண்டும் டபிள்யூ300, இரண்டும் ஒரு படி தொலைவு. எது பொருத்தம் என்பதை அக்கம்பக்கச் சொற்களைப் படித்தே முடிவு செய்ய வேண்டும். கணிப்பொறி பட்டியல் தரும். அதைச் சரிபார்க்கும் பொறுப்பு தேடுகிறவருடையது.

செய்து பாருங்கள்: தேவாலயத்துக்கு ஸ்காட்ஸில் கே-ஐ-ஆர்-கே, ஆங்கிலத்தில் சி-எச்-யு-ஆர்-சி-எச். இரண்டுக்கும் சவுண்டெக்ஸ் குறியீடு காணுங்கள். எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன? அவற்றை இணைக்க நீங்கள் என்ன விதி வகுப்பீர்கள்? அந்த விதியால் எந்தச் சொற்கள் தவறாகச் சேர்ந்துவிடும் என்பதையும் எழுதிப் பாருங்கள்.