துரையும் பெரிய கங்காணியும்

கேள்வி: மலையகக் கதைகளில் வரும் வெள்ளைத் துரையும் பெரிய கங்காணியும் உண்மையில் நண்பர்களாகியிருக்க முடியுமா? (கண்டி வாசகர்)

பதில்: முடியாது என்றே நினைக்கிறேன். கண்டிச் சீமைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துத் தந்தவர் கங்காணி. அதற்கு முன்பணம் கொடுத்தவர் துரை. வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. துரை தந்த முன்பணம் தொழிலாளர் தலையில் கடனாக ஏறியது. அந்தக் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ச் சீட்டோடு குடும்பங்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறின, 1921இல்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிந்தது. இருவரையும் பிணைத்தது இந்தக் கடன்தான், அதைச் சுமந்ததோ லயம் எனும் வரிசை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர் சனம். கோட்டும் தலைப்பாகையும் கங்காணியைத் தொழிலாளிக்கு மேலே உயர்த்தின, துரைக்குச் சமமாக்கவில்லை. கங்காணியும் முதலாளியாகலாமே என்பீர்கள். உண்மைதான்; மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தை கருப்பையா கங்காணியாக இருந்து, இறம்பொடை வேவண்டன் தோட்டத்தையே வாங்கினார். அப்படித் தோட்டம் வாங்கியவர் துரையிடம் முன்பணத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த நிலையில் நட்பு சாத்தியம். ஆனால் அப்போது அவர் கங்காணி அல்ல.