மனத்தைச் சமன் செய்யும் உப்பு

தனிமங்களின் அட்டவணையில் மூன்றாம் இடத்தில் நிற்பது லித்தியம். உலோகங்களில் மிகவும் இலேசானது இதுவே. 1817-இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்ஃப்வெட்சன் இதனை ஒரு கனிமக் கல்லில் கண்டறிந்தார். கல்லில் கிடைத்த இப்பொருள் மனநோய்க்கு மருந்தானது எவ்வாறு?

சிலருக்குச் சில காலம் அளவுகடந்த உற்சாகம். உறக்கம் இராது, பேச்சு ஓயாது, பணம் தண்ணீராய்ச் செலவாகும். வேறு சில காலம், எழுந்து உண்ணவும் மனமில்லாத சோர்வு. இதனை இருமுனை மனநோய் என்பர். இது குணக்கேடும் அன்று, பேய்க்கோளாறும் அன்று; மூளையைச் சார்ந்த நோய்.

1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மிகைக் கிளர்ச்சியுற்ற 10 நோயாளிகளுக்கு லித்தியம் உப்பைக் கொடுத்து நற்பயன் கண்டதை வெளியிட்டார். பின்னர் டென்மார்க் நாட்டு மருத்துவர் மோகன்ஸ் ஷூ முறையான ஆய்வுகளால் அதனை உறுதி செய்தார்.

லித்தியம், நம் சமையல் உப்பிலுள்ள சோடியத்தின் நெருங்கிய உறவு. ஆகவே சோடியம் நுழையும் வழியாகவே நரம்பு உயிரணுக்களுக்குள் புகுகிறது. அங்கே செய்திகளைப் பெருக்கும் சில நொதிகளின் வேகத்தைக் குறைக்கிறது. இதன் முழு விவரத்தை அறிவியலார் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர். பலன் தெரிய ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகும்.

இந்த உறவே ஆபத்துக்கும் காரணம். உடலில் உப்பும் நீரும் குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தைச் சேமிக்க முயன்று லித்தியத்தையும் தேக்கி விடும். ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை மருந்து, 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. கடுமையான கைநடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் ஆகியன எச்சரிக்கைகள். எனவே இம்மருந்தை உண்பவர் உப்பில்லாப் பத்தியம் இருப்பதோ, ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தாமே வாங்கி விழுங்குவதோ கூடாது. வயிற்றுப்போக்குக் கண்டால் உடனே மருத்துவரிடம் கூற வேண்டும். இரத்தம், சிறுநீரகம், தைராய்டு பரிசோதனைகளைத் தவறவிடலாகாது.

நோய் தணிந்ததும், "இனி மருந்து எதற்கு?" என்று சிலர் நிறுத்தி விடுகின்றனர், நோய் திரும்பி விடுகிறது. தற்கொலை எண்ணத்தினின்று பலரைக் காத்த மருந்து இது என்பதை மறவாதிருப்போம். வீட்டில் ஒருவர் இதனை உண்டுவந்தால், மறைக்கவும் வேண்டாம், நகைக்கவும் வேண்டாம். மாத்திரை நேரத்தை அன்புடன் நினைவூட்டுவதும், பரிசோதனை நாளை நாட்காட்டியில் குறித்து வைப்பதும் மாணவிகளாகிய நம்மாலும் இயலும் அன்றோ!